கொம்பு மட்டும்

நாற்காலிகளை ‘ப’ வடிவத்தில் போட்டிருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி என்றால் எந்த ஊர் வட்டார வள மையமாக இருந்தாலும் நாற்காலி ப-வாகத்தான் நிற்கும், எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்க்கலாமாம். அமலோற்பவம் டீச்சர் ப-வின் அடிக்கோட்டில் நடுவாக உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, முன்னால் ஒற்றைத் தாள். இந்த அறையில் இன்றைக்குத் தன்னால் படிக்க முடிந்த ஒரே எழுத்து தான் உட்கார்ந்திருக்கிற இந்த ப மட்டும்தான் என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே பிடரியில் அந்த வலியும் வந்தது, ஈரத்துணியை யாரோ உள்ளே வைத்துப் பிழிகிற மாதிரி. தாளில் வரிகள் இருந்தன. மங்கலாக இல்லை, இரட்டையாக இல்லை, ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்று இருந்தது. ஆனால் அது எதுவும் எழுத்தாக இல்லை. வாசலில் சுண்ணாம்புக் கோலம் கிடக்குமே, அழகாக, எதையும் சொல்லாமல், அப்படிக் கிடந்தது. “சரி, நம்ம வேலையை ஆரம்பிக்கலாமா?” என்றார் ப-வின் திறந்த வாயில் நின்றிருந்த கருத்தாளர் வெற்றிவேந்தன். சின்ன வயசு, பயிற்சி நடத்த வந்தவர், முழங்கை வரை மடித்த சட்டை. “ஆளுக்கு ஒரு பத்தி. வாய்விட்டு வாசிக்கணும். நம்ம வாசிப்பு எப்படி இருக்குன்னு முதல்ல நாமளே கேட்போம், அப்புறம் பிள்ளைங்களைச் சொல்லலாம். அந்தக் கோடியிலிருந்து வாங்க.” அந்தக் கோடி என்றால் வலது கோடி. அவளுக்கு வலது என்பதே இரண்டு நாளாக இல்லை.

இரண்டு நாளைக்கு முன்னால் காலையில் காப்பியை வைத்துக்கொண்டு பேப்பரை விரித்தபோது பேப்பர்காரன்மேல்தான் கோபம் வந்தது. மலையாளப் பேப்பரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். படங்களெல்லாம் நம்மூர் படங்கள், வயலில் தண்ணீர் நிற்கிற படம்கூட, எழுத்து மட்டும் அந்நியம். போனைப் போட்டு, “ஏம்ப்பா, யார் வீட்டுப் பேப்பரை யார் வீட்டுல போட்ட, மலையாளம் நான் எங்க படிச்சேன்?” என்று சத்தம் போட்டாள். “டீச்சர், நம்மூருக்கு மலையாளப் பேப்பரே வராதே” என்றான் அவன். அப்படியா என்றாள். போனை வைத்துவிட்டுப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். பிறகு உப்பு டப்பாவில் தன் கையாலேயே எழுதி ஒட்டிய சீட்டைப் பார்த்தாள். அதுவும் மலையாளமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் சூசை குளியலறையிலிருந்து, “கரண்டு பில்லு மெசேஜ் வந்திருக்கா பாரு அமலா” என்றார், “கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல” என்றாள், கண்ணாடி நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனாள். பஸ் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கண்டக்டர் குரலைப் பிடித்து ஏறினாள். பலகையில் தேதி எழுதினாள், பாடத்தலைப்பு எழுதினாள், கை தன் போக்கில் வழக்கம்போல முத்து முத்தாக எழுதியது. எழுதி முடித்துத் திரும்பி வகுப்பைப் பார்த்துவிட்டு மறுபடி பலகையைப் பார்த்தாள். யாரோ எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அழகான கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஒரு நிமிஷம் வெற்றி சார்,” என்றார் வலது பக்கத்திலிருந்து பரமசிவம் சார். குரலை வைத்துத்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை இழுத்துவிட்ட மாதிரி, இருட்டுகூட இல்லை, வெறுமனே இல்லாமல் இருந்தது, தலையைத் திருப்பினால்தான் ஆள் முளைப்பார். “வாசிப்பு வாசிப்புங்கறீங்க. ஒன்பதாம் வகுப்புல வாய்விட்டு வாசிச்சா எவன் மார்க் போடறான்? பேசினாத்தான் மார்க் வருமா? பரீட்சை எழுத்துலதானே இருக்கு. எழுத வைங்க. திரும்பத் திரும்ப எழுத வைங்க. கை பழகினா மத்தது தானா வரும்.” இடது பக்கத்தில் யாரோ பெண் குரல், “எழுதத்தான் சார் செய்யுதுங்க, அச்சு மாதிரி எழுதுதுங்க. எழுதினதைப் படிடான்னா முழிக்குதுங்க. அது எழுத்தில்ல, படம்.” பரமசிவம் சார் விடவில்லை. “படமா இருந்தா என்னம்மா, முப்பத்தஞ்சு வாங்குற படம்.” அறை சிரித்தது. கருத்தாளரும் சிரித்துவிட்டு, “முதல்ல பேச்சு சார். பிள்ளை பேசுற பேச்சைத் தப்புங்கறோம், வாயைப் பொத்தறோம், அப்புறம் படிக்க வாயைத் திறன்னா எப்படித் திறக்கும்?” என்றார். அமலோற்பவம் வழக்கமாக இந்தச் சண்டையில் முதல் ஆளாக இறங்குகிறவள். வாசிப்புதான் எல்லாம் என்பாள். வாசிக்கிற பிள்ளை ஒருநாள் எழுதிவிடும், வாசிக்காமல் எழுதுகிற பிள்ளை கடைசி வரை நகல் எடுக்கும் என்பாள். போன வருடப் பயிற்சியில் எழுந்து நின்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறாள். அது படம், எழுத்தில்லை என்ற வாக்கியமே அவளுடையதுதான், அது ஊர் சுற்றி இப்போது யாரோ ஒரு பெண்ணின் வாயில் திரும்பி வந்திருக்கிறது. “என்ன அமலோற்பவம் டீச்சர், இன்னிக்கு மௌன விரதமா?” என்றார் பரமசிவம் சார். “உங்க கட்சிக்கு நீங்க பேச வேணாமா?” அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், தொண்டை கட்டியிருக்கிறது என்கிற மாதிரி. காட்டிய உடனேயே அதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று ஒரு சந்தோஷம் வந்தது, தொண்டை, தொண்டைதான் வழி. அதற்குள் பக்கத்தில் சபுரா டீச்சர், “காலைலேர்ந்து நல்லாத்தானே பேசிட்டு வந்தீங்க, பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட சில்லறைக்கு அந்தச் சண்டை போட்டீங்களே” என்று சொல்லிவிட்டாள். சபுராவுக்கு வஞ்சகமில்லை. ஒரே பள்ளிக்கூடம், அடுத்தடுத்த வகுப்பு, டிபன் டப்பாவைக்கூட மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். வழி மூடிக்கொண்டது.

வலது கோடியிலிருந்து முதல் குரல் எழுந்தது. இந்த வருடம்தான் வேலைக்கு வந்த அருள்ஜோதி. “மலையில் மழை நின்றதும் யானைக்கூட்டம் கீழே இறங்கத் தொடங்கும்.” யானையைப் பற்றிய பத்தி. சரி. யானை. யானை என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, தாளில் யானை எங்கே இருக்கிறது என்று தேடினாள். கண் வரியின் இடது ஓரத்தில் போய் நின்றது, அங்கே ஒரு கொம்பு நின்றது. ஒற்றைக்கொம்பு. அதற்கு வலப்பக்கம் என்ன எழுத்து என்று பார்ப்பதற்குள் அது மறைந்துவிடும். கண்ணை நகர்த்தினால் எழுத்து வரும், கொம்பு போய்விடும். தமிழில் இது ஒரு சங்கடம், கொம்பை முன்னால் போட்டுவிட்டு அதன் ஓசையைப் பின்னால் சொல்லச் சொல்லுகிறோம். பிள்ளைகளுக்கு அது புரிய எத்தனை நாள் ஆகிறது, கொம்பைப் பார்த்ததும் வாய் எதற்கோ தயாராகும், எதற்கு என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். இப்போது கொம்பு மட்டும் வந்து நிற்கிறது. புதரிலிருந்து கொம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆடா, மாடா, வேறு எதுவுமா என்று எப்படிச் சொல்வது. அசையாமல் நிற்கிறது. நாம் அசைந்தால்தான் அது அசையும். துர்காஸ்ரீக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ. ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, ஜன்னலோர பெஞ்சு. வாசி என்றால் எழுந்து நின்று, புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாவாடை மடிப்பில் என்னவோ எழுதிக்கொண்டே இருப்பாள். எழுதி எழுதி ஒரு எழுத்தைச் சொல்லுவாள். “விரலை எடு, கண்ணால படி, என்ன கொம்பா முளைச்சிருக்கு உனக்கு, தனியா ஒரு படிப்பு?” என்று இவள் கேட்பாள். வகுப்பு சிரிக்கும். வகுப்பு சிரித்ததும் துர்காஸ்ரீயும் சேர்ந்து சிரிப்பாள், எல்லாரையும்விடச் சத்தமாக, சிரித்துக்கொண்டே, “மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரேன் மிஸ்” என்பாள். போனால் மணியடித்துத்தான் வருவாள்.

நேற்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து மருந்துக்கடைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விரல் தன்னால் தொடையில் ஓடியது. சீட்டில் இருந்த கோலத்தை விரல் சேலையில் வரைந்தது, வரைந்து முடித்த இடத்தில், கண்ணில் அல்ல, மணிக்கட்டில், ‘ம’ என்று ஒன்று எழுந்தது. அடுத்தது ‘ரு’. எழுதினால் தெரிகிறது. கைக்குத் தெரிகிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. தலையெழுத்து என்று சொல்லுகிறார்களே, தலைக்குள் எழுத்து குடியிருந்த அறைக்கும் கண்ணுக்கும் நடுவில் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள், கைக்கு மட்டும் கொல்லைப்புற வழி இருக்கிறது. இதை யாரிடம் எப்படிச் சொல்வது? கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். போனை எடுத்த பெண் பிள்ளை கேட்டது, “எழுத்து மங்கலா தெரியுதாங்கம்மா, ரெண்டு ரெண்டா தெரியுதா?” “இல்லம்மா, நல்லாத் தெரியுது.” “அப்புறம் என்னங்கம்மா?” கண்ணாடி மாற்றணும் என்று சொல்லிச் சனிக்கிழமைக்குப் பெயர் பதிந்துகொண்டாள். சூசையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் இவளுடைய பிரகாசி அக்காவைச் சொல்லுவார். அக்காவுக்கு இப்படித்தான் ஏதோ சின்னதாக ஆரம்பித்தது, எதைக் கேட்டாலும் கரண்டி என்றாள், தண்ணீர் வேண்டுமா என்றால் கரண்டி, வலிக்கிறதா என்றால் கரண்டி, முதலில் வீடே சிரித்தது. பிறகு ஒரு பக்கம் விழுந்தது. பிறகு படுக்கை, பிறகு மாதாகோவில் மணி. வாய்விட்டுச் சொல்லாத வரை இது வெறும் கண். சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் இவளுடையது, சாமியாரே மற்றவர்களிடம், “அமலோற்பவம் டீச்சர் வாசிக்கிற மாதிரி நிறுத்தி வாசிங்க” என்பார். வாசிக்கிற டீச்சர். அந்தப் பெயரைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது. மகள் கோயம்புத்தூரில், வீடு கடனில்லாமல், உடம்பு இதுவரை படுத்ததில்லை, அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தை வாசித்து ஒரு வகுப்பை மூச்சுவிடாமல் உட்காரவைக்கிறது எல்லாருக்கும் இல்லை. அவள் இந்தப் பயிற்சி அறையிலுள்ள பொருள்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மின்விசிறி. குழல்விளக்கு. பிளாஸ்டிக் குடம். கதவு. கரண்டி வரவில்லை. கடவுளே, கரண்டி வரவில்லை. இன்னும் வரவில்லை.

“யானை தன் பாதையை மறப்பதில்லை என்பார்கள். தாய் நடந்த தடத்தில் மகள் நடக்கும்.” இது பரமசிவம் சார், மூலை திரும்பிவிட்டது, அடிக்கோட்டுக்கு வந்துவிட்டது. வாசித்து முடித்ததும் சும்மா இருக்காமல், “அடுத்த ரெண்டும் பெண்கள். பெண்ணுன்னு எழுதும்போது ஏன் கொம்பு முதல்லயே வருதுன்னு இப்பத்தான் புரியுது” என்றார். “ஆண்யானைக்குத்தான் சார் கொம்பு, பெண்யானைக்குக் கிடையாது. பாடம் நடத்தறதுக்கு முன்னால படிச்சிட்டு வாங்க” என்று சபுரா வெட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். பெண்யானை. அமலோற்பவத்தின் விரல் மேசைக்கடியில் சேலைமேல் ஓடத் தொடங்கியது. தன் பத்தி எது? சபுராவுடையது ஆறாவது என்றால் தன்னுடையது ஏழாவது, உள்ளே தள்ளி ஆரம்பிக்கிற ஏழாவது இடம், அதோ, அந்தக் கொம்பு நிற்கிற இடம். விரல் கொம்பை வரைந்தது. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாள். ஒரு குத்துக்கோடு, ஒரு படுக்கைக்கோடு, ஒரு குத்துக்கோடு: ப. நாற்காலி. பெ. அடுத்தது சுழி, ஒன்று, இரண்டு, மூன்று, மேலே புள்ளி. பெண். சபுரா வாசித்துக்கொண்டிருந்தாள், “அந்த வருடம் பாதை இருந்த இடத்தில் வேலி இருந்தது. முன்னால் வந்த யானை நின்றது,” நிறுத்தாமல், மூச்சுவிடாமல், சபுரா, மெல்ல, இத்தனை வேகம் எதற்கு, வேலி இருந்தால் நிற்க வேண்டாமா. பெண் யா. பெண்யா. விரல் அடுத்த எழுத்தை எழுத வந்தது, எழுதியே விட்டது, ஆனால் அது எழுதியது இந்தத் தாளில் இல்லாத எழுத்து. சின்ன வகுப்பில் அவள் படித்தபோது யானை என்பதன் னை-க்குத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார்கள், ன-வின் தலைமேல் ஒரு வளைவு தூக்கிக்கொண்டு நிற்கும், எழுத்தே யானை மாதிரி இருக்கும். பிறகுதான் சீர்திருத்தம் என்று சொல்லித் தும்பிக்கையை வெட்டிவிட்டு முன்னால் இணைக்கொம்பு வைத்தார்கள். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு இணைக்கொம்பு போடக் கற்றுக்கொடுத்த கை இன்றைக்குத் தும்பிக்கையைப் போட்டுவிட்டு நிற்கிறது. தாளில் தும்பிக்கை இல்லை. தாளில் வேறு ஏதோ சுருண்டு கிடக்கிறது. அது என்ன, அது யார்.

“அமலோற்பவம் மேடம்.” கருத்தாளர். சபுரா முடித்துவிட்டாள். அறை முழுக்க அவளைப் பார்த்தது, அவள் வாசிப்பைக் கேட்டவர்கள் இந்த அறையில் பாதிப்பேர் இருந்தார்கள், ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார், பாட்டுக் கேட்கத் தயாராகிற மாதிரி. அவள் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். மாட்டாமல் இருந்திருக்கலாம். தாளைக் கையிலெடுத்தாள், வலது கை மடியிலேயே இருந்தது. “பெ,” என்றாள். விரல் ஓடியது. “ண்.” குரல் தன் குரலாக இல்லை, தண்ணீருக்கடியில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. “யா.” விரல் சுருண்டு கிடந்ததைத் தடவியது, ஒரு முறை, இன்னொரு முறை. “யா... யா...” முதலில் இடது பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. பிறகு கருத்தாளர், “ஓ!” என்றார். அவர் முகம் விரிந்தது. “பாருங்க, எல்லாரும் பாருங்க. மேடம் என்ன செய்யறாங்கன்னு புரியுதா? விரலைப் பாருங்க, மடியில!” புரிந்துவிட்டது. அறை முழுக்கப் புரிந்துவிட்டது. “ஐயோ, அப்படியே எங்க வகுப்பு கோகுல்!” என்றது ஒரு குரல். “அந்த முழி இருக்கே, அந்த முழி!” என்றது இன்னொன்று. பரமசிவம் சார் மேசையைத் தட்டினார். “அதான் இவ்வளவு நேரம் பேசாம உட்கார்ந்திருந்தீங்களா, உள்ளுக்குள்ள ஒத்திகை! நான் பேசிக்கிட்டே இருந்தேன், நீங்க ஒரே வார்த்தையில என் வாயை அடைச்சிட்டீங்க.” கைதட்டல். கருத்தாளர் கைதட்டிக்கொண்டே ப-வுக்குள் நடந்து வந்தார். “இதுதான் நண்பர்களே. பத்து நாள் நான் பேசினாலும் இது வராது. ஒன்பதாம் வகுப்புல ஒரு பிள்ளை எழுந்து நிக்கும்போது அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு மேடம் நமக்குக் காட்டிட்டாங்க.” கைதட்டல் மழை மாதிரி வலது பக்கத்து இல்லாமையிலிருந்தும் வந்தது. அவளும் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறோம் என்பது அவள் காதுக்கே எட்டியது.

“போதும் மேடம்,” என்றார் வெற்றிவேந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இப்ப நீங்க படிங்க.” சிரிப்பு அடங்கியது. ஒவ்வொரு வாயாக மூடிக்கொள்வது தெரிந்தது. தாளில் கொம்பு நின்றது. அது எங்கும் போகவில்லை, அவசரமும் இல்லை அதற்கு. வேலிக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அது. அவள் வாயைத் திறந்தாள், என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை, கரண்டி என்று வந்துவிடுமோ என்று பயந்தாள், ஆனால் வந்தது வேறு, யாரோ முன்பே சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்த வார்த்தை, பாதை மாதிரி தயாராகக் கிடந்த வார்த்தை. “தண்ணி குடிச்சிட்டு வரேன் சார்.” அறை வெடித்தது. “அடடா, அச்சு அசல்! விடமாட்டேங்கறாங்களே!” என்று பரமசிவம் சார் கத்தினார், யாரோ விசிலடித்தார்கள், ஆசிரியர் பயிற்சியில் விசில். அவள் எழுந்தாள். தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்புக்கு நடுவே நடந்தாள், கதவு வலது பக்கம் என்று தெரியும், வரும்போது அங்கேதான் இருந்தது. “டீச்சர்,” என்றது சபுராவின் குரல், அது மட்டும் சிரிக்கவில்லை. “டீச்சர், அங்க இல்ல. டீச்சர்!” நாற்காலி பின்னால் இழுபடுகிற சத்தம். அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள், சபுரா முளைக்கவில்லை. தோள்பட்டை எதிலோ மோதியது, சுவரா, நிலையா, கண்ணாடி கழன்று சங்கிலியில் ஆடியது. சிரித்தார்கள். பிறகு, ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையின் விரல் சேலை மடிப்பில் தும்பிக்கையைப் போட்டுக்கொண்டே இருந்தது, போட்டு, அழித்து, மறுபடி போட்டு.